பீர்த் திருவிழாவும் எங்க மாப்ளயும்

ஜன்னல் பக்கம் நீங்களே உக்காருங்க தம்பி. எனக்குக் காத்து ஒத்துக்காது. பொட்டியா? அது மேல ஏறாது, காலுக்கடியிலயே கிடக்கட்டும். ஆமாங்க, ஏர்போர்ட்லேர்ந்துதான் நேரா வரேன். ஜெர்மனி. மியூனிக்னு ஊரு. எம் பொண்ணு அங்கதான் இருக்கா.

மூணு மாசம் இருக்கலாம்னுதான் போனேன். பாதியிலயே திரும்பிட்டேன். ஏன்னு கேக்காதீங்க. இல்ல, கேளுங்க, பரவால்ல. வீட்டுக்குப் போனா வீட்டுக்காரி கேக்கத்தான் போறா. அவகிட்ட சொல்றதுக்கு முன்னாடி வேற யார்கிட்டயாவது ஒரு தடவை சொல்லிப் பாத்துட்டா நல்லதுதான். நீங்க யாரோ, நான் யாரோ. பண்ருட்டி போறவரைக்கும் வேற என்ன வேலை நமக்கு?

எம் பேரு ஆதிமூலம். அரசாங்க ஒயின்ஷாப்புல சூப்பர்வைசரா இருந்து ரிட்டயர் ஆனவன். சிரிக்காதீங்க. எல்லாரும் இந்த இடத்துல ஒரு சிரிப்பு சிரிப்பாங்க. ஆனா ஒண்ணு சொல்றேன், அத்தனை வருசம் அந்த வாடையிலயே உக்காந்திருந்தேன், ஒரு சொட்டு நாக்குல வச்சதில்ல. எங்க வேணா விசாரிங்க. எம் பொண்ணு வினோதினி காலேஜ்ல படிக்கிறப்ப, அப்பா என்ன வேலைன்னு கேட்டா கூட்டுறவு சொசைட்டின்னு சொல்லிக்குவா. எனக்குத் தெரியும். தெரிஞ்சாலும் நான் ஒண்ணும் கேட்டதில்ல. பொம்பளப் புள்ள, அதுக்கும் நாலு பேரு முன்னாடி தலை நிமிரணும்ல.

கல்யாணத்துக்கு மாப்ள தேடறப்ப ஒரே ஒரு கண்டிசன்தான் போட்டேன். பையன் தண்ணி போடக் கூடாது. மத்ததெல்லாம் பின்னாடி பாத்துக்கலாம். அப்படி வந்தவர்தான் கிருபாகரன். பெரிய கார் கம்பெனியில கம்ப்யூட்டர் வேலை. நானே நேர்ல போயி அவங்க தெருவுல விசாரிச்சேன். பொட்டிக்கடைக்காரர்லேர்ந்து கோயில் குருக்கள் வரைக்கும். தங்கமான பையன்னாங்க. என் கண்ணு பொய் சொல்லுமா? ஆள் நடந்து வர்ற நடையிலயே குவார்ட்டரா ஆஃபான்னு சொல்றவன் நான். நான் பாத்து முடிச்ச சம்பந்தம் அது. அதை மட்டும் மனசுல வச்சுக்கிட்டு மேல கேளுங்க.

ஆடி மாசம் ஒரு நாள் வினோ போன் பண்ணினா. "அப்பா, நீ மட்டும் வா. அம்மா வேணாம். நீ வந்து பாருப்பா"ன்னா. வந்து பாருன்னா என்ன அர்த்தம்? ஊரைப் பாக்க வரச் சொல்றா, அவ்ளோதானே? நானும் சந்தோசமா கிளம்பிட்டேன். முறுக்கு, அதிரசம், முந்திரிப் பருப்பு எல்லாம் கட்டிக் குடுத்தா சரோஜா. சரோஜாதான் என் வீட்டுக்காரி.

மாப்ள ஏர்போர்ட்டுக்கே வந்து கட்டிப் பிடிச்சுக்கிட்டாரு. மாமா மாமான்னு உசுரு. பேத்தி ஆதிரைக்கு நாலு வயசு. வீட்ல தமிழ் பேசும், வெளிய போனா ஜெர்மன்தான். பொரிஞ்சு தள்ளும். நல்ல வீடு, நல்ல குளிரு. எம் பொண்ணுதான் கொஞ்சம் இளைச்சிருந்தா. வேலைக்கும் போயி வீட்டையும் பாக்கறால்ல, அப்படித்தான் இருக்கும்னு விட்டுட்டேன்.

அந்த ஊர்ல ஒரு பழக்கம் தம்பி. காலி பாட்டிலைக் கடையில கொண்டு குடுத்தா காசு திருப்பித் தருவாங்க. மிசின் ஒண்ணு நிக்கும், பாட்டிலை உள்ள விட்டா அதுவே எண்ணி சீட்டு குடுக்கும். போன முதல் வாரமே வினோ என்னை அழைச்சிட்டுப் போனா. கீழ சைக்கிள் வைக்கிற அறையிலேர்ந்து ரெண்டு பெரிய பை நிறைய பாட்டில். ஒண்ணொண்ணா எடுத்து மிசின்ல விடறா, என் முகத்தைப் பாக்கறா. விடறா, பாக்கறா. நான் அந்த மிசினையே பாத்துக்கிட்டிருந்தேன். அடடா, என்ன வேலைப்பாடு! நம்ம கடையில காலி பாட்டில் பொறுக்க வந்தவங்க அடிச்சுக்கிட்ட சண்டையெல்லாம் ஞாபகம் வந்துச்சு. "இது மாதிரி நம்ம ஊர்ல வச்சா எவ்ளோ நல்லாருக்கும்மா"ன்னேன். மறு வாரமும் கூட்டிட்டுப் போனா. அதுக்கு மறு வாரமும். "மிசினைத்தான் பாத்தாச்சேம்மா"ன்னேன்.

மாப்ள குடிப்பாரு. இல்லேன்னு சொல்லல. அந்த ஊர்ல எல்லாரும் சாப்பாட்டோட ஒரு பீரு குடிக்கிறாங்க, அவங்களுக்கு அது மோர் மாதிரி. குடிகாரனை எனக்குத் தெரியாதா? குடிகாரன்னா வேட்டி அவுந்து சாக்கடையோரம் கிடப்பான். பொண்டாட்டி தாலியை அடகு வைப்பான். மாப்ள இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கிட்டு ஆபீஸ் போறாரு. காலையில கை கொஞ்சம் நடுங்கும். குளிரு தம்பி, எனக்கே நடுங்கும். சாயங்காலம் சைக்கிளைத் துடைக்கிறேன்னு கீழ போவாரு, வர நேரமாகும். ஒரு மனுசன் தன் வீட்ல தனியா கொஞ்ச நேரம் இருந்தா அது ஒரு குத்தமா?

டிக்கெட்டா? இந்தாப்பா, பண்ருட்டி ஒண்ணு. தம்பி, நீங்க எடுத்துட்டீங்களா? சரி சரி.

புரட்டாசி பொறக்கிற சமயத்துல அந்த ஊர்ல ஒரு திருவிழா. உலகத்துல எங்கெங்கேர்ந்தோ வர்றாங்க. சாமி கிடையாது, தேர் கிடையாது. பீருதான் சாமி. பெரிய மைதானம். கல்யாண மண்டபம் பத்தை ஒண்ணா சேத்து வச்ச மாதிரி ஒவ்வொரு கொட்டகையும். அது பக்கத்துல ராட்டினம், குதிரை வண்டி, சீனி பாதாம் வறுக்கிற கடை. குதிரைங்கன்னா நம்ம ஊரு ஜட்கா குதிரைன்னு நெனச்சுக்காதீங்க. குட்டி யானை. ஒவ்வொரு குளம்பும் இட்லித் தட்டு அகலம். மேல பூவும் மணியும் கட்டி, பின்னாடி வண்டியில பீப்பாயை அடுக்கி இழுத்துட்டு வரும்.

வினோ வரமாட்டேன்னுட்டா. "பாப்பாவைக் கூட்டிட்டு அந்தக் கூட்டத்துக்கு எதுக்கு?"ன்னா. மாப்ள, "மாமா இவ்ளோ தூரம் வந்திருக்காரு, இதைக் காட்டாம அனுப்பினா நல்லாவா இருக்கும்?"னாரு. நான்தான் நடுவுல புகுந்து, "நான் கூட இருக்கேன்லம்மா, வா"ன்னேன். அவ என்னையே பாத்துட்டு, "சரிப்பா, நீ கூட இருக்கேல்ல"ன்னு கிளம்பினா.

மாப்ளக்கு அந்த ஊரு உடுப்பு. முட்டி வரைக்கும் தோல் டவுசரு, தோள்ல வாரு. பாப்பாவுக்குக் குட்டிப் பாவாடையும் முன்னாடி கட்டற துணியும். தேவதை மாதிரி இருந்துச்சு.

கொட்டகைக்குள்ள காலை வச்சேன், அப்படியே நின்னுட்டேன் தம்பி. எத்தனை ஆயிரம் பேரு! கிழவன் கிழவி, புருசன் பொண்டாட்டி, கைக்குழந்தை, எல்லாம் ஒரே பெஞ்சுல. நடுவுல மேடை போட்டு பேண்டு வாத்தியம். ஒரு பொம்பளை ரெண்டு கையிலயும் பத்துப் பன்னெண்டு கண்ணாடிக் குவளை, ஒவ்வொண்ணும் ஒரு லிட்டரு, நெஞ்சோட அணைச்சுத் தூக்கிட்டு வர்றா. ஒருத்தரும் தலை குனியல. ஒருத்தரும் ஒளியல. என் கடைக்கு வர்றவன் தலையில துண்டைப் போட்டுக்கிட்டு வருவான். வாங்கி இடுப்புல சொருகிக்கிட்டு, திரும்பிப் பாக்காம ஓடுவான். என்னை ரோட்ல பாத்தா தெரியாதவன் மாதிரி போவான். இங்க என்னடான்னா சாமி கும்பிடற மாதிரி குவளையைத் தூக்கறாங்க. அடிக்கடி ஒரு பாட்டு வரும், மொத்தக் கொட்டகையும் எழுந்து நின்னு குவளையை இடிச்சுக்கும். இடிக்கிறப்ப ஒருத்தர் கண்ணை ஒருத்தர் பாக்கணுமாம். பாக்கலேன்னா அவங்களுக்கு அது மரியாதை இல்ல.

மாப்ள ஆபீஸ் ஆளுங்க முன்னாடியே இடம் பிடிச்சு வச்சிருந்தாங்க. ஹெல்முட்டுன்னு ஒரு பெரியவரு, மாப்ளயோட மேனேஜரு. என் வயசுதான் இருக்கும். அவர்கிட்ட மாப்ள என்னைக் காட்டி என்னமோ சொன்னாரு. சொன்னதும் பெஞ்சுல இருந்த அத்தனை பேரும் எழுந்துட்டாங்க தம்பி. என்னைப் பாத்துக் குவளையைத் தூக்கறாங்க. ஹெல்முட்டு என் கையைப் பிடிச்சுக் குலுக்கறாரு. எனக்கு ஒண்ணும் புரியல. "என்ன மாப்ள சொன்னீங்க?"ன்னேன். "எங்க மாமா ஊர்ல அரசாங்கத்துக் கடையையே நடத்தினவரு, ஊருக்கே ஊத்தினவருன்னு சொன்னேன் மாமா. இந்த ஊர்ல மதுக்கடைக்காரருக்குப் பெரிய மரியாதை"ன்னாரு.

எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. சொந்தப் பொண்ணே சொசைட்டின்னு சொல்லி மறைச்ச வேலை. கல்யாணப் பத்திரிகையில பேருக்குக் கீழ போடாத வேலை. அதை நாலு பேரு நடுவுல நெஞ்சை நிமித்திச் சொன்னாரே அந்த மனுசன்! ஆப்பிள் ஜூஸ்தான் வச்சிருந்தேன். அதையே தூக்கி அவங்க குவளையோட இடிச்சேன். ஒவ்வொருத்தர் கண்ணையும் பாத்தேன். வினோ மட்டும் உக்காந்தே இருந்தா. அவ என்னைப் பாக்கல, மாப்ளயோட குவளையைப் பாத்துக்கிட்டிருந்தா.

அப்புறம் குவளை வந்துச்சு, போச்சு. நான் எண்ணல. ஹெல்முட்டு ஒரு தடவை மாப்ள குவளை மேல உள்ளங்கையை வச்சு மூடிட்டு ஏதோ சொன்னாரு. விளையாடறாருன்னு நான் சிரிச்சேன். அவரு சிரிக்கல. மாப்ள அவர் கையை எடுத்துவிட்டுட்டுக் குடிச்சாரு. கொஞ்ச நேரத்துல ஹெல்முட்டு கிளம்பிட்டாரு. கிளம்பறப்ப வினோகிட்ட வந்து மெதுவா என்னமோ பேசிட்டுப் போனாரு. பெரிய மனுசன், சொல்லிக்காம போகக் கூடாதுன்னு வந்திருப்பாரு.

இப்பத்தான் விசயத்துக்கு வரேன் தம்பி.

வினோ பாத்ரூம் போகணும்னா. பொம்பளைங்க வரிசை அங்க மலைப்பாம்பு மாதிரி நிக்கும். பாப்பாவை மாப்ள மடியில உக்கார வச்சு, "கீழ விடாதீங்க, நான் வர்றவரைக்கும் இங்கயே இருங்க"ன்னு சொல்லிட்டுப் போனா. அவ அந்தப் பக்கம் போனதும் பாப்பா ராட்டினம் ராட்டினம்னு சிணுங்குது. "வாங்க மாமா, காட்டிட்டு வந்துடலாம்"னு மாப்ள தூக்கிட்டு வெளிய வந்தாரு. நானும் பின்னாடியே போனேன். ராட்டினத்துக்குப் போகல. நடுவுல யாரோ ஒரு சிநேகிதன் எதிர்ல வந்துட்டான். ரெண்டு பேரும் கட்டிப் பிடிச்சுக்கிட்டாங்க. அவன் பக்கத்துல ஒரு சின்னக் கடையைக் காட்டறான். சின்னச் சின்ன கிளாஸ்ல என்னமோ காரமான சரக்கு விக்கிற கடை. மாப்ள பாப்பாவை பாதாம் கடைப் படிக்கட்டுல உக்கார வச்சாரு. கழுத்துல ஒரு பெரிய பிஸ்கட்டை மாட்டிவிட்டாரு. அங்க இதயம் மாதிரி செஞ்சு கயிறு கட்டி விக்கிறாங்க. பாப்பாகிட்ட ஜெர்மன்ல ரெண்டு வார்த்தை சொன்னாரு. என்கிட்ட, "மாமா, நீங்க உள்ள போயி நம்ம இடத்தைப் பாத்துக்குங்க. இல்லேன்னா வேற எவனாவது உக்காந்துடுவான். நான் அஞ்சு நிமிசத்துல வந்துடறேன்"னாரு.

எனக்கு மனசு கேக்கல. "பாப்பா?"ன்னேன். "என் கண்ணு முன்னாடிதானே மாமா இருக்கு"ன்னாரு. பெத்த அப்பனே சொல்றப்ப நான் என்ன சொல்றது? உள்ள வந்து உக்காந்தேன். கொஞ்ச நேரத்துல மாப்ள வந்தாரு. முகம் செவந்து, சிரிச்சுக்கிட்டே வந்து பெஞ்சுல சாஞ்சாரு. கை ரெண்டும் வெறும் கை. "பாப்பா எங்க மாப்ள?"ன்னேன். "வினோகிட்ட"ன்னாரு. சரி, வழியில பாத்துக் குடுத்திருப்பாருன்னு நெனச்சேன்.

அப்ப வினோ வந்தா. அவளும் வெறும் கையோட வந்தா.

அந்த நேரத்தை என்னால சொல்ல முடியாது தம்பி. பேண்டு வாசிக்குது. மொத்தக் கூட்டமும் பெஞ்சு மேல ஏறி நின்னு பாடுது. அதுக்கு நடுவுல எம் பொண்ணு வாயைத் திறந்து கத்தறா, சத்தமே கேக்கல. வாய் மட்டும் அசையுது. ஆதிரை, ஆதிரைன்னு. ஓடினா. நான் பின்னாடி ஓடினேன். பாதாம் கடைப் படிக்கட்டுல பிள்ளை இல்ல. ராட்டினத்துல இல்ல. எல்லாக் குழந்தையும் அதே பாவாடை, அதே முன்துணி. ஒவ்வொண்ணையும் பிடிச்சுத் திருப்பறா வினோ, அதுங்க பயந்து அழுவுது. மாப்ள ஒரு கம்பத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னுட்டாரு. அவரால ஓட முடியல. பாவம், அதிர்ச்சி.

யாரோ வழி காட்டினாங்க, போலீஸ் இருக்கிற கட்டடத்துக்கு. தொலைஞ்ச பிள்ளைங்களை அங்கதான் கொண்டாந்து வைப்பாங்களாம். போனோம். பாப்பா அங்க இருந்துச்சு. போர்வை சுத்தி உக்காந்திருந்துச்சு. ஒரு கால்ல செருப்பு இல்ல. அப்பாவைத் தேடி நடந்து போயி அந்தக் குதிரை வண்டிக்குக் குறுக்கே நின்னுடுச்சாம். பாதாம் விக்கிற கிழவி ஓடிப் போயி பாவாடையைப் பிடிச்சு இழுத்திருக்கா. இன்னும் ஒரு அடி போயிருந்தா அவ்ளோதான்னாங்களாம். இதெல்லாம் எனக்கு அப்பத் தெரியாது, வினோ அப்புறமா சொன்னா.

தண்ணி இருக்கா தம்பி? குடுங்க. நாக்கு வறண்டு போச்சு.

போலீஸ்ல ஒரு பொண்ணு. சின்ன வயசு, மஞ்சள் முடியைப் பின்னிப் போட்டிருந்தா. கடைசியா குழந்தை யாரோட இருந்துச்சுன்னு இங்கிலீசுல கேட்டா. எனக்கும் புரியற மாதிரிதான் கேட்டா. அதுக்குள்ள மாப்ளயும் வந்து சேந்துட்டாரு. நிக்க முடியாம சுவத்துல கையை ஊனிக்கிட்டு நின்னாரு. அந்தப் பொண்ணு அவரைப் பாத்தா. அவரு என்னைப் பாத்தாரு. "மாமா..."ன்னாரு. அவ்ளோதான்.

சொல்லுங்க தம்பி, நீங்களா இருந்தா என்ன செஞ்சிருப்பீங்க? வெளிநாடு. போலீசு. அவரு பேரை எழுதிட்டா வேலை என்னாவும், விசா என்னாவும்? கொஞ்ச நேரம் முன்னாடிதான் அத்தனை பேரு நடுவுல என்னை மனுசனாக்கி நிக்க வச்சவரு. நான் பாத்து முடிச்ச மாப்ள. விட்டுக்குடுக்க முடியுமா? நான் முன்னாடி வந்து நின்னேன். "மீ. மை மிஸ்டேக். ஓல்டு மேன். சன் இன் லா வெரி குட் மேன்"னேன்.

வினோ திரும்பினா. "அப்பா, நீயா விட்ட?"ன்னு தமிழ்ல கேட்டா. மெதுவாத்தான் கேட்டா. சத்தம் போடல. நான் தரையைப் பாத்துக்கிட்டு, "ஆமாம்மா, நான்தான் கொஞ்சம் அசந்துட்டேன்"னேன்.

"சரிங்கப்பா. நீங்க போயி உக்காருங்க"ன்னா.

பொறந்ததுலேர்ந்து எம் பொண்ணு என்னை நீன்னுதான் கூப்பிடுவா. அன்னிக்குத்தான் நீங்கன்னா. பழியைத் தலையில தூக்கிப் போட்டுக்கிட்டேன்ல, அந்த மதிப்புல சொல்றாள்னு நெனச்சேன்.

அந்தப் போலீஸ் பொண்ணு பாப்பா முன்னாடி மண்டி போட்டு ஜெர்மன்ல என்னமோ கேட்டா. பாப்பா அழுகையை நிறுத்திட்டு நீளமா பதில் சொல்லுச்சு. அப்பாவைக் காட்டுது, வெளியக் காட்டுது. அப்புறம் ரெண்டு கையாலயும் எதையோ தூக்கிக் குடிக்கிற மாதிரி காட்டுச்சு. பிள்ளைக்குத் தாகம்னு நான் தண்ணி பாட்டிலை நீட்டினேன். யாரும் வாங்கல. எல்லாரும் என்னையே பாக்கறாங்க. அந்தப் போலீஸ் பொண்ணு பாத்த பார்வை இருக்கே, இப்பவும் முதுகுல ஊறுது.

மறுநாள் மாப்ள எழுந்திரிக்கவே இல்ல. வினோ எனக்குத் தோசை ஊத்திக் குடுத்துட்டு எதிர்ல உக்காந்தா. பாப்பா அவ மடியிலயே ஒட்டிக்கிட்டு இருந்துச்சு.

"ஏன்பா அப்படிச் சொன்னீங்க?"

"குடும்பம்னு ஒண்ணு இருக்குல்லம்மா. ஒரு நாள் தவறிப்போச்சு. அதைப் போயி போலீஸ்ல எழுதி வைக்கிறதா?"

"ஒரு நாளா?"

"ஆம்பளைன்னா கொஞ்சம் அப்படி இப்படி இருப்பாங்க. நான் பாக்காத குடிகாரனா? அவரு அந்த ரகம் இல்லம்மா."

அவ சிரிச்சா தம்பி. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கல. "உங்களை எதுக்குப்பா கூப்பிட்டேன்? நான் சொன்னா நம்ப மாட்டீங்க, உங்க கண்ணால பாத்தாத்தான் நம்புவீங்கன்னு கூப்பிட்டேன். பாட்டிலைப் பாத்தீங்க. கை நடுங்கறதைப் பாத்தீங்க. நேத்து பிள்ளையைப் படிக்கட்டுல விட்டதையும் பாத்தீங்க"ன்னா.

"பாத்தேன்னு சொன்னா என்னாவும்? நீ தனியா நிப்பேம்மா"ன்னேன்.

"இப்ப என்ன துணையோடவா நிக்கிறேன்?"ன்னா.

எனக்குக் கோவம் வந்துடுச்சு. "உனக்காகத்தாண்டி எம்மேல பழியைப் போட்டுக்கிட்டேன். பொய் சொல்லாத வாயி என்னோடது"ன்னு கத்திட்டேன். பாப்பா பயந்துபோச்சு. வினோ அது முதுகைத் தடவிக்கிட்டே சொன்னா. "அங்க உங்க பொய்யை யாரும் நம்பலப்பா. பாப்பா எல்லாத்தையும் சொல்லிட்டா. அப்பா படியில உக்கார வச்சாரு, தாத்தா உள்ள போயிட்டாரு, அப்பா குடிக்கப் போயிட்டாருன்னு. நாலு வயசுப் பிள்ளை சொன்னதை எழுதிக்கிட்டாங்க. உங்களைப் பாத்து ஒரு போலீஸ்காரம்மா பரிதாபப்பட்டா. நீங்க நெசத்தைச் சொல்லியிருந்தா அவங்களுக்கு அது பெருசில்ல. எனக்குத்தான் துணையா இருந்திருக்கும்."

இதுல எனக்குப் புரியாதது ஒண்ணுதான். அவங்களுக்கே தெரிஞ்சுபோச்சுன்னா, நான் சொன்னதால யாருக்கு என்ன நஷ்டம்? அதுக்குப் போயி டிக்கெட்டை மாத்துவாங்களா? பெத்த அப்பனை? அந்த வாரமே மாத்திட்டா. துணியெல்லாம் அவளே மடிச்சு வச்சா. மாத்திரையைத் தனியா ஒரு பையில போட்டுக் கொடுத்தா. சண்டை போட்டிருந்தாக்கூடப் பரவால்ல. ஏர்போர்ட்ல பாப்பாவைக் குனிய வச்சு என் கால்ல விழ வச்சா, அவளும் விழுந்தா, எழுந்தா, போயிட்டா. திரும்பிப் பாப்பாள்னு கண்ணாடிக்கு இந்தப் பக்கமே நின்னேன்.

இன்னிக்குக் காலையில மெட்ராஸ்ல இறங்கி போனைப் போட்டதும் மாப்ளதான் கூப்பிட்டாரு. அவராவது கூப்பிட்டாரே. நான் விமானம் ஏறினதுக்கப்புறம் வினோ பிள்ளையைத் தூக்கிக்கிட்டு வேற வீட்டுக்குப் போயிட்டாளாம். வக்கீல் வச்சிருக்காளாம். "மாமா, நீங்கதான் எனக்குத் துணை. அன்னிக்குச் சொன்னதையே என் வக்கீலுக்கும் சொல்லணும்"னு அழுவறாரு. நாக்கு கொழகொழன்னு இருந்துச்சு. அங்க அப்ப விடியவே இல்ல. தூக்கம் கெட்டிருக்கும்.

சொல்றேன் மாப்ளன்னு சொல்லிட்டேன். சொன்ன சொல்லு மாறக் கூடாதுல்ல? ஆனா அப்பலேர்ந்து அந்தக் குதிரை கண்ணுலயே நிக்குது தம்பி. நான் அதைப் பாக்கக்கூட இல்ல, அது குறுக்கே பிள்ளை நின்னதை. ஆனாலும் கண்ணை மூடினா அந்தக் குளம்புதான் தெரியுது. அது பக்கத்துல ஒத்தைச் செருப்பு. நான் உள்ள வந்து யாருக்கோ இடம் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். சரி விடுங்க. வயசாச்சு, தூக்கமில்ல, கண்டதும் தோணும்.

என்ன தம்பி? ரொம்ப நேரமா ஜன்னலையே பாத்துக்கிட்டு வர்றீங்க. நான் செஞ்சது தப்பா? ஒரு குடும்பம் பிரியாம இருக்கணும்னு ஒரு பொய். அதுகூட முக்காப் பொய்தான். நானும் அங்க இருந்தேன்ல?

பண்ருட்டி வந்துடுச்சா? அட, ஆமாம். முந்திரி மண்டியெல்லாம் தெரியுதே. பொட்டியை இழுக்கணும். கொஞ்சம் காலை மடக்குங்க.

இருங்க இருங்க.

அது சரோஜா மாதிரி இருக்கு. பஸ் ஸ்டாண்டு வாசல்ல, அந்தப் பூக்கடைக்குப் பக்கத்துல, பச்சைப் புடவை. சரோஜாதான். இவ எதுக்கு வந்தா? என்னைக் கூப்பிட ஒரு நாளும் பஸ் ஸ்டாண்டுக்கு வந்ததில்லயே. பஸ்ஸு பஸ்ஸா ஜன்னலைப் பாத்துக்கிட்டு வர்றா பாருங்க. கையில போனை நீட்டிப் பிடிச்சிருக்கா. அதுல யாரோ முகம் தெரியுது. வினோவா? வினோவை லைன்ல வச்சுக்கிட்டே வந்து நிக்கிறாளா?

இல்லப்பா கண்டக்டரு, பண்ருட்டிதான். இறங்கணும்தான். கொஞ்சம் இரு. தம்பி, நீங்க அப்படியே உக்காருங்க, எழுந்திரிக்காதீங்க. ஜன்னலை மறைச்சாப்ல உக்காருங்க.

பஸ்ஸு அடுத்து எங்க நிக்கும்? நெய்வேலி ஆர்ச்சா? சரி. அதுக்கு எவ்ளோ ஆவுதோ அதையும் சேத்து டிக்கெட்டு கிழிச்சிடுப்பா. அங்க இறங்கிக்கறேன்.